ஆவிக்குரிய வழிகாட்டியோடு நடப்பது எப்படி: தேடுவதிலிருந்து அடுத்தவருக்குக் கைகொடுப்பது வரை

ஒரு விசுவாசி தன்னைவிட முதிர்ந்த இன்னொரு விசுவாசியிடம் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டி, ஜெபத்திலும் வசனத்திலும் கீழ்ப்படிதலிலும் அவருடைய துணையோடு வளருவதையே இங்கே ஆவிக்குரிய வழிகாட்டல் என்று சொல்கிறேன். நான் பல ஆண்டுகள் இப்படி ஒருவரிடம் அமர்ந்து கற்றேன். பிறகு சிலர் என்னிடம் வந்து அமர்ந்தார்கள். அந்த உறவு முறிந்துபோனவர்களைக் கவனித்தபோது, அவர்களில் பலர் நல்ல மனிதரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதையும், ஆனால் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள் என்பதையும் கண்டேன். ஆகவே இந்த வழிகாட்டி படிகளின் வரிசையையே முதன்மையாகப் பேசுகிறது.

தொடங்குமுன் உங்களிடம் இருக்க வேண்டியவை

ஒரு சபையின் ஐக்கியம் முதலில் வேண்டும். வழிகாட்டி ஒருவர் சபைக்கு மாற்றாக ஆகிவிட்டால், அவருடைய பலவீனங்கள் அனைத்தும் உங்களுடைய விசுவாசத்தின் எல்லைகளாகிவிடும். ஆராதனை, திருவிருந்து, பிரசங்கம், பல வயதினரோடு பழகுதல் ஆகியவை அந்த எல்லைகளை அகலப்படுத்துகின்றன.

அடுத்தது, எவ்வளவு சிறியதானாலும் உங்களுக்கென்று ஒரு தனி ஜெப நேரமும் வேத வாசிப்பும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். இது இல்லாமல் வருகிறவர், வழிகாட்டியின் ஜெபத்தைக் கடன் வாங்கி வாழப் பார்க்கிறார். அது சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. கைபேசியில் எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் மற்ற எதையும் அதில் கலக்காதீர்கள். நான்காவது, மாதத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், ஒருவரைக் கேட்டுவிட்டு அலைக்கழிப்பதைவிடச் சில மாதங்கள் பொறுப்பது மரியாதை.

1. ஆளைத் தேடுமுன் தேவையை எழுதுங்கள்

புதியவர்கள் அநேகமாக எல்லாரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். "எனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்" என்று தொடங்குகிறார்கள். எதற்கு என்று கேட்டால் "ஆவிக்குரிய வளர்ச்சிக்கு" என்கிறார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் யாருக்கும் உதவ முடியாது.

ஒரு பக்கத்தில் மூன்று காரியங்களை எழுதுங்கள். தேவனோடு உங்களுக்குள்ள உறவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது. எந்தப் பாவத்தில் அல்லது பயத்தில் திரும்பத் திரும்ப விழுகிறீர்கள். தேவன் கேட்கிறார் என்று அறிந்தும் எதைத் தள்ளிப்போடுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வாக்கியங்கள் போதும், ஆனால் அவை பொது வார்த்தைகளாக இருக்கக் கூடாது. "ஜெபத்தில் குறைவுபடுகிறேன்" என்பதைவிட "மூன்று மாதமாக உணவுக்கு முன் சொல்வதைத் தவிர வேறு ஜெபம் செய்யவில்லை" என்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இதன் காரணம் இரண்டு. முதலாவது, எழுதும்போதே சில காரியங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை, மனந்திரும்புதலே தேவை என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, எந்த வகை மனிதரைத் தேட வேண்டும் என்பதை இந்தப் பக்கமே சொல்லும். கோபத்தோடு போராடுகிறவருக்கு வேதத்தை ஆழமாய் அறிந்தவர் மட்டும் போதாது. கோபத்தை மேற்கொண்ட ஒருவர் வேண்டும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். கடைசிப் படியில் இது மறுபடியும் தேவைப்படும்.

2. எந்த உதவி யாரிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

போதகர் முழுச் சபைக்கும் பொறுப்புள்ளவர். உங்கள் ஒருவருக்கென்று மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்க அவரால் முடியாமல் போகலாம், அது அன்புக் குறைவு ஆகாது. ஜெபத் தோழர் உங்களுக்குச் சமமானவர். வழிகாட்டியோ நீங்கள் நடக்கப்போகிற பாதையில் ஏற்கெனவே நடந்தவர்.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைக்க வேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தில் குருவிடம் சொல்லும் பாவ அறிக்கை மீற முடியாத இரகசியத்திற்கு உட்பட்டது. ஆன்ம வழிகாட்டியிடம் பேசுவது வேறு உரையாடல். அவர் குருவாக இல்லாமல் ஒரு துறவியாகவோ பொதுநிலையினராகவோகூட இருக்கலாம். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் இரண்டிலுமே குழப்பம் வரும்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஜெபத்தை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. வனாந்தரத்தில், சூரைச்செடியின் கீழ் சாகக் கோரிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவன் முதலில் அனுப்பியது உறக்கமும் அப்பமும் தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19). இந்த வரிசை கவனிக்கத்தக்கது: சரீரத்திற்கு வேண்டியது முதலில் வந்தது, தேவன் பேசிய மெல்லிய சத்தம் பிறகு வந்தது.

3. கேட்பதற்கு முன் கவனியுங்கள்

மேடையில் நன்றாகப் பேசுகிறவரைத் தேடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பேச்சு ஒரு வரம். முதிர்ச்சி ஒரு கனி. வரம் ஒரே நாளில் வெளிப்படலாம், கனியோ காலம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் சபையை நடத்தும் கண்காணிக்குக் கேட்கப்படும் தகுதிகளை வாசித்துப் பாருங்கள். போதிக்கும் திறமை அதில் ஒன்றாக வருகிறது. மற்றவை ஏறக்குறைய எல்லாம் குணத்தையும் குடும்பத்தையும் பணத்தையும் கோபத்தையும் பற்றியவை.

குறைந்தது இரண்டு மாதங்கள் கவனியுங்கள். தன் வீட்டாரிடம் எப்படிப் பேசுகிறார்? தன்னை மறுத்துப் பேசுகிறவருக்கு எப்படிப் பதில் சொல்கிறார்? தனக்கு எந்த நன்மையும் செய்ய முடியாத ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்? "எனக்குத் தெரியவில்லை" என்றும் "நான் தவறு செய்துவிட்டேன்" என்றும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அவர் எவ்வளவு கற்றவரானாலும் வேறொருவரைத் தேடுங்கள் என்பதே என் ஆலோசனை.

இன்னொன்றையும் பாருங்கள்: அவருக்கும் ஒரு வழிகாட்டியோ, அவரைக் கடிந்துகொள்ளும் உரிமை பெற்ற நண்பர்களோ இருக்கிறார்களா? யாருக்கும் கணக்கு ஒப்புவிக்காதவரிடம் உங்கள் கணக்கை ஒப்புவிப்பது ஆபத்து.

வயதைப் பொறுத்தவரை, தன் வயதுக்காரரையே தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ராஜாவாகிய ரெகொபெயாமும் முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த வாலிபரின் ஆலோசனையையே கேட்டான் (1 இராஜாக்கள் 12). ஆனால் வயது ஒன்றே தகுதியாகிவிடாது. விசுவாசத்தில் உங்களுக்கு முன்னே நடந்தவரா என்பதே அளவுகோல்.

சாதாரணமாக ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் வழிகாட்டுவது நல்லது. முதிர்வயதுள்ள ஸ்திரீகள் இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று தீத்து 2-ஆம் அதிகாரம் சொல்வதும் இந்த முறையே. விதிவிலக்குகள் உண்டு, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோ என்ற போதகரைச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்தே செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

4. சிறிதாகக் கேளுங்கள்

"நீங்கள் என் ஆவிக்குரிய தகப்பனாக இருக்க வேண்டும்" என்று கேட்டால், மனசாட்சியுள்ள எவரும் தயங்குவார். அது எவ்வளவு காலம், எவ்வளவு பாரம் என்று அவருக்குத் தெரியாது. அவர் மறுத்தால் உங்களுக்கு மனம் புண்படும். மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டால் இருவருக்கும் இழுபறியாகும்.

அதற்குப் பதிலாக அளவோடு கேளுங்கள்: "ஐயா, ஜெப வாழ்க்கையில் நான் தடுமாறுகிறேன். உங்களோடு நான்கு முறை உட்கார்ந்து பேச முடியுமா? மாதத்திற்கு இரண்டு முறை, ஒரு மணி நேரம். நான்காவது சந்திப்பில் தொடரலாமா என்று இருவரும் ஜெபித்துத் தீர்மானிக்கலாம்." பெண்கள் பெண்களிடம் கேட்கும்போது அம்மா என்றோ அக்கா என்றோ தங்கள் உறவுக்கேற்றபடி சொல்லிக்கொள்ளலாம். முக்கியமானது எண்ணும் எல்லையும்.

எல்லை வைப்பதால் இருவருக்கும் சங்கடமில்லாமல் விலக ஒரு வாசல் கிடைக்கிறது. யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். நின்ற இடத்திலேயே பதில் எதிர்பார்க்காதீர்கள். மறுத்துவிட்டால், வேறு யாரிடம் போகலாம் என்று அவரையே கேளுங்கள். எனக்கு நீண்ட காலம் வழிகாட்டியவர், இப்படி மறுத்த ஒருவர் காட்டியவர்தான்.

5. முதல் சந்திப்பில் ஐந்து காரியங்களைப் பேசித் தீருங்கள்

எங்கே, எப்போது சந்திப்பது என்பது முதலாவது. பிறர் பார்வைக்குத் திறந்த இடமாக இருக்கட்டும். சந்திப்புகளுக்கு இடையில் கைபேசியில் எவ்வளவு பேசலாம் என்பது இரண்டாவது. நள்ளிரவில் நீண்ட வாட்ஸ்அப் செய்திகளை அனுப்பிவிட்டு, காலை வரை பதில் வராததை நிராகரிப்பாக எடுத்துக்கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன். பேச்சுக்கு உள்ள தொனி எழுத்துக்கு இல்லை.

மூன்றாவது, இரகசியம். நீங்கள் சொல்வது யாருக்கும் போகாது என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வாக்குக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், வீட்டில் வன்முறை நடந்தால், ஒருவருடைய உயிருக்கு ஆபத்து இருந்தால், அது பாதுகாப்பும் நடவடிக்கையும் தரக்கூடியவர்களிடம் போயாக வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் "பொறுத்துக்கொண்டு ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது மேய்ப்பனின் வேலை ஆகாது.

நான்காவது, பணம். இருவருக்கும் இடையில் கடனோ, காணிக்கை என்ற பெயரில் கொடுக்கல் வாங்கலோ இருக்காது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஐந்தாவது, கடிந்துகொள்ளும் உரிமை: "நான் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன் என்று தெரிந்தால், தயவுசெய்து நேராகச் சொல்லுங்கள்" என்று நீங்கள் முன்கூட்டியே அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் வரும் கண்டிப்பு தாக்குதல்போலத் தோன்றும்.

6. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்கத்தோடு போங்கள்

முழு உறவின் பலனும் இந்தப் படியில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சந்திப்புக்கு முந்தின இரவு அரைமணி நேரம் ஒதுக்கி, நான்கு காரியங்களை எழுதுங்கள். கடந்த முறை என்ன செய்வதாக ஒப்புக்கொண்டேன், அது என்ன ஆயிற்று? இந்த இரண்டு வாரங்களில் வேதத்தில் எந்த வசனம் என்னை நிறுத்தியது? எங்கே தேவன் என்னோடிருப்பதை அறிந்தேன், எங்கே அவரைவிட்டு விலகி ஓடினேன்? இன்று பேச நான் மிகவும் தயங்குவது எது?

நான்காவது கேள்விக்கான பதிலை முதலில் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய உண்மையான காரியம் பெரும்பாலும் எழுந்து நிற்கும் நேரத்தில், வாசற்படியருகே, "இன்னொரு சின்ன விஷயம்" என்று வெளியே வரும். அதற்குள் நேரம் முடிந்திருக்கும். நான் ஒன்றரை ஆண்டுகள் என் வழிகாட்டியிடம் வேலையிடத்துச் சிக்கல்களையே பேசிக்கொண்டிருந்தேன். அவரும் பொறுமையாகக் கேட்டு ஆலோசனை சொன்னார். அந்தக் காலம் முழுவதும் நான் ஜெபிப்பதையே விட்டுவிட்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்ன நாளில்தான் வழிகாட்டல் தொடங்கியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறரைப் பற்றிப் பேசும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். குடும்பத்தார், சபையார், மேலதிகாரி என்று உங்கள் வாழ்க்கையில் இருப்பவர்கள் பேச்சில் வராமல் இருக்க முடியாது. ஆனால் தன் வழக்கிலே முதலில் பேசுகிறவன் நீதிமான்போலக் காணப்படுவான் என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிக்கிறது. வழிகாட்டி கேட்பது உங்கள் பக்கத்தை மட்டும். ஆகவே "அவர் இப்படிச் செய்தார்" என்பதை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டு, "இதில் என் பங்கு இது, என் உள்ளத்தில் நடந்தது இது" என்பதற்கு மீதி நேரத்தைக் கொடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற போர்வையில் புறங்கூறுதல் நுழைவது இந்த இடத்தில்தான்.

பேச்சின் நடுவே மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். நல்ல வழிகாட்டிகள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்காமல் வேறு கதைக்குத் தாவினால், தொட வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

முடிக்கும்போது ஒரே ஒரு செயலைத் தீர்மானியுங்கள். "அதிகமாக ஜெபிப்பேன்" என்பது செயலாகாது. "சனிக்கிழமைக்குள் என் தம்பியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பேன்" என்பது செயல். மூன்று தீர்மானங்கள் எடுத்தவர்கள் ஒன்றையும் நிறைவேற்றாமல் வெட்கத்தோடு அடுத்த சந்திப்பையே தவிர்த்ததைக் கண்டிருக்கிறேன். அதன்பின் இருவரும் ஜெபியுங்கள். வழிகாட்டி மட்டும் ஜெபிக்க நீங்கள் ஆமென் சொல்வது பழக்கமாகிவிட வேண்டாம்.

தீர்மானித்ததைச் செய்யாமல் போனால் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். செய்யாத வாரத்தில்தான் அந்தச் சந்திப்பு மிகவும் தேவை.

7. பாவத்தை அறிக்கையிடுவதற்கு அவசரமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. இருட்டில் வைத்த பாவம் தன் பலத்தைக் காத்துக்கொள்கிறது. உங்களை நேசிக்கும் ஒருவருடைய முகத்துக்கு முன் அதற்குப் பெயர் வைத்துச் சொல்லும்போது, அதன் பிடி தளருகிறது. பல ஆண்டுகள் தனியாகப் போராடித் தோற்றவர்கள் ஓர் அறிக்கைக்குப் பின் எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆகவே இந்தப் படியைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் முதல் சந்திப்பிலேயே வாழ்க்கை முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். நம்பிக்கை வேர்விடுமுன் எல்லாவற்றையும் சொன்னவர், மறுநாள் வெட்கத்தால் விலகிவிடுவது உண்டு. முதலில் சிறியதைச் சொல்லுங்கள்; அதை அவர் எப்படிக் கையாளுகிறார் என்று பாருங்கள்; பிறகு பெரியதைச் சொல்லுங்கள்.

அறிக்கை தேவனிடம் செய்யப்படுகிறது என்பதை இருவரும் மறக்கக் கூடாது. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). வழிகாட்டியிடம் சொல்லிவிட்டதால் கிடைக்கும் ஆறுதலை மனந்திரும்புதல் என்று எண்ணி அங்கேயே நின்றுவிடுகிறவர்கள், அடுத்த மாதமும் அதே அறிக்கையோடு வருவார்கள். நீங்கள் ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தால், அவரிடம் போய்ச் சரிசெய்வதே அடுத்த செயலாக இருக்க வேண்டும்.

8. ஆலோசனையைச் சோதித்தறியுங்கள்

வழிகாட்டி சொல்வது மூன்று வகைப்படும்: வேதம் தெளிவாகக் கட்டளையிடுவது, அனுபவத்திலிருந்து வரும் ஞானம், அவருடைய சொந்த விருப்பம். மூன்றும் ஒரே குரலில், ஒரே அன்போடு வரும் என்பதால் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே பணிவோடு கேட்டுவிடுங்கள்: "இது வேதம் கேட்பதா, அல்லது உங்கள் கருத்தா?" நல்லவர் இந்தக் கேள்வியால் மகிழ்வார்.

முதல் வகைக்குக் கீழ்ப்படியுங்கள். இரண்டாவதை மிகுந்த மதிப்போடு சீர்தூக்கிப் பாருங்கள். மூன்றாவதை நன்றியோடு கேட்டுக்கொள்ளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து சரிபார்த்தார்கள், அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று எழுதப்பட்டிருக்கிறது (அப்போஸ்தலர் 17:11).

எத்திரோ மோசேக்குக் கொடுத்த ஆலோசனையை யாத்திராகமம் 18-இல் வாசியுங்கள். மாமனார், வயதில் மூத்தவர், சொன்னதும் சரியானது. அப்படியிருந்தும், தேவன் இப்படி உத்தரவு கொடுத்தால் என்ற நிபந்தனையை அவரே சேர்த்துச் சொல்கிறார். இதற்கு நேர் எதிரான கதை 1 இராஜாக்கள் 13-இல் இருக்கிறது. அங்கே போஜனம் பண்ணாதே, தண்ணீர் குடியாதே என்று கர்த்தரிடம் நேரடியாகக் கட்டளை பெற்ற தேவனுடைய மனுஷன், ஒரு தூதன் சொன்னான் என்று பொய் சொன்ன வயதான தீர்க்கதரிசியை நம்பித் திரும்பிப்போய், அதனால் உயிரிழந்தான். மூத்தவர் சொன்னார் என்பது மட்டும் தேவனுடைய முன்னிலையில் போதுமான பதிலாவதில்லை என்று இந்த அதிகாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

திருமணம், வேலை, ஊழிய அழைப்பு போன்ற பெரிய தீர்மானங்களில் வழிகாட்டி உங்களுக்காகத் தீர்மானிக்க விடாதீர்கள். அவரைத் தீர்மானிக்கச் சொல்வது தாழ்மைபோலத் தோன்றினாலும், பொறுப்பைக் கைமாற்றும் சோம்பலும் அதில் ஒளிந்திருக்கிறது. உங்கள் நோக்கங்களைச் சோதிக்கவும், நீங்கள் பார்க்காத பக்கத்தைக் காட்டவும், சேர்ந்து ஜெபிக்கவும் அவரைக் கேளுங்கள். ஆசாரியனாகிய ஏலி இதைத்தான் செய்தார். அவருடைய குறைகள் பல, ஆனாலும் தேவன் கூப்பிட்டதை ஏலியின் குரல் என்று எண்ணிச் சிறுவன் சாமுவேல் மூன்றாம் முறை ஓடிவந்தபோது, "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி அவனைத் தேவனிடமே திருப்பி அனுப்பினார்.

9. கடிந்துகொள்ளப்பட்டால் ஒரு நாள் பொறுங்கள்

ஒருநாள் வலிக்கும்படியான ஒரு வார்த்தை வரும். வராவிட்டால் ஏதோ குறை இருக்கிறது. அந்த நேரத்தில் உங்களை நியாயப்படுத்தவும் வேண்டாம், உடனே ஒப்புக்கொண்டு அழவும் வேண்டாம். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள், ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

மறுநாள் அந்த வாக்கியத்தை ஜெபத்தில் வைத்து வாசியுங்கள். உங்களை நன்கு அறிந்த இன்னொருவரிடமும் கேளுங்கள். பிறகு திரும்பிப் போய், ஏற்றுக்கொள்வதையும் ஏற்க முடியாததையும் நேரில் சொல்லுங்கள். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் காணாமல்போகிறார்கள். தன் பாவத்தைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியைத் தாவீது தவிர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

10. விலக வேண்டிய அடையாளங்களை முன்பே அறிந்திருங்கள்

சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக இல்லாமல், மந்தைக்கு மாதிரிகளாக இருந்து மேய்க்க வேண்டும் என்று பேதுரு மூப்பர்களுக்கு எழுதினார் (1 பேதுரு 5:3). இதை மீறுகிற அடையாளங்கள் இவை: "தேவன் உன்னைப் பற்றி என்னிடம் சொன்னார்" என்று சொல்லி, கேள்வி கேட்க இடமில்லாமல் செய்வது. வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது. குடும்பத்தையும் சபையையும் விட்டு உங்களைப் பிரிப்பது. நீங்கள் அறிக்கையிட்டதைப் பின்னர் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவது. பணம் கேட்பது. தொடுதலிலோ பேச்சிலோ வரம்பு மீறுவது.

கடைசியாகச் சொன்னது நடந்தால், ஒருமுறை நடந்தாலும் போதும், விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல் விலகுங்கள். நம்பகமான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். குற்றமானால் காவல்துறையிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது சபைக்கு அவமானம் என்று உங்களை அமைதிப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குச் செவிகொடுக்காதீர்கள். அவமானம் குற்றம் செய்தவருக்கே உரியது.

இவ்வளவு கடுமையில்லாத ஓர் ஆபத்தும் உண்டு, அது உங்கள் பக்கத்திலிருந்து வருவது: சார்ந்திருத்தல். ஜெபிக்குமுன் அவரைக் கூப்பிடத் தோன்றினால், அவர் வருத்தப்படுவார் என்பதற்காகவே பாவத்தைத் தவிர்த்தால், அவருடைய பேச்சுநடைகூட உங்களிடம் வந்துவிட்டால், ஒரு மாதம் இடைவெளி விட்டுப் பாருங்கள். அதை அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

11. வறண்ட மாதங்களில் சந்திப்பை நிறுத்தாதீர்கள்

சில மாதங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போது நேரத்தை அரைமணியாகக் குறைத்து, ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து வாசித்து ஜெபித்துவிட்டு எழுந்து வாருங்கள். நெருக்கடியில் மட்டும் வழிகாட்டியிடம் ஓடுகிறவரைப் புயலில் மட்டுமே அவர் அறிந்திருப்பார். சாதாரண நாட்களில் நீங்கள் யார் என்று தெரியாதவரால் நெருக்கடியில் சரியாக உதவ முடியாது.

12. முடித்துக்கொண்டு, அடுத்தவருக்குக் கைகொடுங்கள்

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, முதல் படியில் எழுதிய அந்தப் பக்கத்தை இருவருமாக எடுத்து வாசியுங்கள். மாறியது எது, மாறாதது எது, இன்னும் எவ்வளவு காலம் சந்திக்க வேண்டும் என்று பேசுங்கள். முடிவு சொல்லப்படாத உறவுகள் மெல்ல மெல்ல நின்றுபோகும். அப்போது இருவர் உள்ளத்திலும் குற்றவுணர்வு தங்கும். பர்னபா, பின்னர் பவுல் எனப்பட்ட சவுலைத் தேடித் தர்சுவுக்குப் போய், அந்தியோகியாவுக்கு அழைத்துவந்து, ஒரு வருஷகாலமாய்ச் சேர்ந்து ஊழியம் செய்தார் (அப்போஸ்தலர் 11:25-26). பிற்காலத்தில், தங்களோடு ஊழியத்துக்கு வந்து இடையில் விட்டுப்போன மாற்குவைக் குறித்து இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள். அந்த மாற்குவைத்தான் பவுல் தன் கடைசி நாட்களில், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அழைத்துவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பிரிவு வந்தாலும் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

கடைசிச் சந்திப்பில் வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் யாரோடு உட்கார வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" தீமோத்தேயு தன்னிடம் கேட்டவைகளை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவிக்க வேண்டும் என்று பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 2:2), பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என்று நான்கு தலைமுறைகள் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. நான் இன்னும் தகுதி பெறவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஞானஸ்நானம் பெற்று ஒரு மாதமானவருக்கு, ஐந்து ஆண்டு நடந்தவர் போதும்.

அவர் ஒருவருடைய பெயரைச் சொன்னால், நீங்களாகப் போய் "உனக்கு வழிகாட்டுகிறேன்" என்று சொல்லாதீர்கள். அந்த நபருக்காக ஒரு மாதம் ஜெபியுங்கள். ஆராதனை முடிந்ததும் அவரருகே போய் நலம் விசாரியுங்கள், பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் கேட்க வரும் நாளில் நான்கு சந்திப்புகளுக்கு ஒப்புக்கொண்டு, முதல் சந்திப்புக்கு வரும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.